கயிறு பிடித்த கைகள்

சென்ற வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி, தூத்துக்குடி பனிமய மாதா கோவில் திருவிழாவில் எனக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. வெளியே சொல்ல வெட்கம்தான். ஆனாலும் என் வயதை ஒத்த சகோதரிகள் படித்தால், "நமக்கும் இதே கதைதான்" என்று தலையை ஆட்டுவீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

பூசை நடுவில் எல்லோரும் முழந்தாளிட்டோம். மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. "இந்த அம்மாவுக்கு எவ்வளவு பக்தி!" என்று பக்கத்திலிருந்தவர்கள் நினைத்திருக்கக்கூடும். பக்தியாவது, ஒன்றாவது! கால் வரவில்லை. எழுந்திரு, எழுந்திரு என்று மனசு சொல்கிறது. தொடை கேட்கமாட்டேன் என்கிறது. கடைசியில் என் மருமகள் கவனித்துவிட்டு, கையை நீட்டி, கிணற்றிலிருந்து குடத்தைத் தூக்குவதுபோல் என்னைத் தூக்கி நிறுத்தினாள்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். முட்டியைப் படம் எடுத்துப் பார்த்தார். "எலும்பில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை, அம்மா. தொடையில்தான் சதை இல்லை" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னை நீங்கள் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள். பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் ஆசனத்தில் நான் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் யோசிப்பார். எனக்கா சதை இல்லை?

"நீங்கள் சொல்கிற சதை வேறு, நான் சொல்கிற சதை வேறு" என்றார் டாக்டர். நாம் "அவள் நன்றாகச் சதை போட்டுவிட்டாள்" என்கிறோமே, அது பெரும்பாலும் கொழுப்பு. அது சும்மா உட்கார்ந்திருக்கும் சரக்கு மூட்டை. தசை என்பது மூட்டை தூக்குகிற ஆள். மூட்டை பெருத்துக்கொண்டே போகிறது, ஆள் மெலிந்துகொண்டே போகிறான். அதுதான் என் தொடையின் கதை என்று விளக்கினார். துறைமுகத்து ஊர் டாக்டர் அல்லவா? உதாரணமும் அப்படித்தான் வந்தது.

என் பேத்தி ஒருத்தி பிசியோதெரபி படிக்கிறாள். அந்த வாரம் லீவுக்கு வந்திருந்தாள். நடந்ததைக் கேட்டதும் தலையணைபோல் தடித்த ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். உடம்பின் தோலை உரித்துவிட்டு வரைந்த படங்கள். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்புறம் பாருங்கள், புத்தகத்தைக் கீழே வைக்க மனசு வரவில்லை.

உடம்பில் மூன்று வகைத் தசைகள். இதயத்தில் இருப்பது ஒன்று. குடல், இரத்தக் குழாய் முதலியவற்றில் இருப்பது மற்றொன்று. இவை இரண்டும் நம்மைக் கேட்காமலே வேலை செய்கின்றன. மூன்றாவது, எலும்போடு சேர்ந்த தசை. நாம் சொன்னபடி கேட்பது. 600-க்கு மேல் இருக்கிறதாம். ஆண்களின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கும், நமக்கு மூன்றில் ஒரு பங்கும் இந்தத் தசைதானாம். கெண்டைக்கால் என்கிறோமே, அதுவும் இதில் சேர்த்திதான். கெண்டை மீன்போல நடுவில் பருத்து இரு முனையும் சிறுத்திருப்பதால் நம்மவர்கள் அந்தப் பெயர் வைத்தார்கள். மேல்நாட்டாருக்கு அது எலியாகத் தெரிந்திருக்கிறது. அவர்கள் தசையைக் குறிக்கும் சொல்லே லத்தீன் மொழியில் 'சுண்டெலி' என்பதிலிருந்து வந்ததாம். அவர்கள் எலியைப் பார்த்தார்கள், நாம் மீனைப் பார்த்தோம். எது அழகு என்று நீங்களே சொல்லுங்கள்.

"ஆச்சி, ஒண்ணு கேக்கட்டுமா? தசை இழுக்குமா, தள்ளுமா?" என்றாள் பேத்தி.

"ரெண்டும் செய்யும். கதவை இழுக்கிறோம், தள்ளுகிறோமே" என்றேன்.

"இல்லை. தசைக்கு இழுக்க மட்டுந்தான் தெரியும். நீங்க கதவைத் தள்ளினாலும் கைக்குப் பின்னாடி இருக்கிற தசை முழங்கையை இழுத்து நீட்டுது. தள்ளுறது எலும்புதான்."

அதைக் கேட்டவுடன் எனக்கு என் தகப்பனார் நினைவு வந்துவிட்டது. இழுக்க மட்டுமே தெரிந்த இன்னொரு பொருள் கயிறு. என் அப்பா கயிறு பிடித்தவர்.

விஷயம் தெரியாத நேயர்களுக்காகச் சொல்கிறேன். மன்னார் வளைகுடாவில், எங்கள் ஊருக்கு எதிரே கடலுக்கு அடியில், முத்துச் சிப்பிகள் ஒட்டி வளரும் பாறைத் திட்டுகள் உண்டு. 'பார்' என்பார்கள். பல வருஷ இடைவெளிக்குப் பிறகு 1955-ல் அங்கே முத்துக்குளிப்பு மறுபடி தொடங்கி 1961 வரை நடந்தது. அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. 1961-ல் எனக்கு ஏழு வயது. கரையில் சிப்பிக் குவியல்களின் நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. முத்து என்றால் உங்களுக்குக் கழுத்து மாலை ஞாபகம் வரும். எனக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளத்தான் தோன்றும்.

முத்துக் குளித்தவர்களைப் பற்றி எத்தனையோ கதைகள். கயிறு பிடித்தவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்? குளிப்பவர் கனமான ஒரு கல்லில் காலை வைத்துக்கொண்டு நீருக்குள் இறங்குவார். கல்லுக்கு ஒரு கயிறு, சிப்பி சேர்க்கும் பைக்கு ஒரு கயிறு. அடியில் போய்ச் சேர்ந்ததும் கல்லை விட்டுவிடுவார். தோணியில் இருப்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். ஒரு நிமிஷமோ, சற்றுக் கூடவோ குறையவோ, குளிப்பவர் சிப்பிகளை வாரிப் பையில் போடுவார். மூச்சு முட்டும் நேரம் கயிற்றை அசைப்பார். உடனே மேலே இருப்பவர் பையையும் ஆளையும் சேர்த்து இழுக்கவேண்டும். அந்த அசைவைக் கவனிக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. என் அப்பா ஒரு தடவையும் தவறியதில்லை. அவர் கை, முழங்கைக்குக் கீழே, முறுக்கிய வடம்போல் இருக்கும். சின்ன வயதில் அந்தக் கையைப் பிடித்துத்தான் ஊஞ்சல் ஆடுவேன்.

தசைக்கும் கயிற்றுக்கும் உள்ள ஒற்றுமை இழுப்பதோடு நிற்கவில்லை. அப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழுதான கயிற்றைப் பிரித்துப் பின்னுவார். வடத்தைப் பிரித்தால் புரி. புரியைப் பிரித்தால் நூல். நூலைப் பிரித்தால் நார். தசையும் அப்படியே. தசைக்குள் கட்டுக் கட்டாக இழைகள். ஒவ்வோர் இழையும் தலைமயிர் கனந்தான். ஆனால் சில இழைகள் பல அங்குல நீளம்! ஒரே உயிரணு அவ்வளவு நீளம். அதற்குள் நூற்றுக்கணக்கான உட்கருக்கள். அந்த இழையையும் பிரித்தால், உள்ளே ஆயிரக்கணக்கில் இன்னும் நுண்ணிய இழைகள். நிஜமாகவே வடந்தான்.

தசையின் முனையில் எலும்போடு முடிச்சுப் போட்டதுபோல் ஒரு வெள்ளை நாண் இருக்கிறது. ஆட்டுக்கால் சூப் வைக்கும்போது வேகாமல் அடம் பிடிக்குமே, அதுதான். அது கொலாஜன் என்ற பொருளால் ஆனது. அந்தப் பொருளின் அமைப்பைக் கண்டு சொன்னவர்கள் எங்கேயோ சீமையில் இருந்தவர்கள் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கங்காரு வாலின் நாணை எக்ஸ்ரே கதிரில் காட்டி ஆராய்ந்தார்கள். மூன்று இழைகள் சேர்ந்தது அது என்று 1954-ல் சொன்னார்கள். அந்த மூன்றும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று 1955-ல் இன்னும் திருத்தமாகச் சொன்னார்கள். மூன்று புரிக் கயிறு! எந்த வருஷத்தில் எங்கள் கடலில் கயிறு மறுபடி இறங்கியதோ, அதே வருஷத்தில் நம் உடம்புக்குள் இருக்கும் கயிற்றின் முறுக்கைச் சென்னையில் அவிழ்த்துவிட்டார்கள். அப்பாவுக்கு இது தெரிந்திருந்தால், "இதைச் சொல்ல எதுக்கு எக்ஸ்ரே? மூணு புரி இல்லாமல் எந்தக் கயிறு நிக்கும்?" என்றுதான் கேட்டிருப்பார்.

சரி, கயிறு தானாக இழுக்காது, ஆள் இழுக்கவேண்டும். தசைக்குள் இழுக்கிற ஆள் யார்?

இந்தக் கேள்விக்கும் 1954-ல்தான் விடை கிடைத்தது. அது நான் பிறந்த வருஷம் என்பதால் எனக்கு அதில் ஒரு தனிப் பெருமை. அதுவரை, சுருங்கும்போது தசைக்குள் இருக்கும் இழைகளே ரப்பர்போல் குறுகிப்போகின்றன என்று பலர் எண்ணியிருந்தார்கள். ஹ்யூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சன் என்ற பெண்மணியும் முயலின் தசையை ஆராய்ந்தார்கள். ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்க்கெயும் தவளையின் தசையை ஆராய்ந்தார்கள். ஹக்ஸ்லிகள் இருவரும் உறவினர் அல்ல, ஒரே இடத்தில் வேலை செய்தவர்களும் அல்ல. ஆனால் அந்த வருஷம் மே மாதம் ஒரே பத்திரிகையின் ஒரே இதழில் இரு கோஷ்டியும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: இழைகள் குறுகுவதில்லை, ஒன்றுக்குள் ஒன்று நழுவிப் போகின்றன.

இதைப் புரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். பத்திரிகையைச் சற்றே மடியில் வையுங்கள். இரண்டு கைகளையும் முகத்துக்கு எதிரே நீட்டி, விரல் நுனிகளை மட்டும் ஒன்றின் இடையில் ஒன்றாகக் கோத்துக்கொள்ளுங்கள். இப்போது விரல்களை உள்ளே உள்ளே நுழையுங்கள். இரண்டு மணிக்கட்டும் நெருங்குகின்றன அல்லவா? விரல் ஏதாவது குறுகியதா? இல்லை. அவ்வளவுதான் தசை சுருங்குவது! வீட்டில் யாராவது, "என்ன, தனியாக உட்கார்ந்து கையைப் பிசைகிறாய்?" என்று கேட்டால், விஞ்ஞானம் படிக்கிறேன் என்று சொல்லுங்கள்.

தசையின் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இப்படிக் கோத்த அறைகள் 400, 450 வரிசையாக நிற்கின்றன. ஒவ்வோர் அறையிலும் மெல்லிய இழைகளும் தடித்த இழைகளும். மெல்லியதன் பெயர் ஆக்டின்; தடித்ததன் பெயர் மயோசின். ஒரு தடித்த இழையில் சுமார் 300 மயோசின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலைகள். தலை என்று புத்தகம் சொல்கிறது. எனக்கு அவை கைகளாகவே தெரிகின்றன. அந்தக் கை பக்கத்திலிருக்கும் மெல்லிய இழையைப் பற்றுகிறது, இழுக்கிறது, விடுகிறது, சற்று முன்னால் நீண்டு மறுபடி பற்றுகிறது. ஒரு இழுப்புக்கு நகர்கிற தூரம் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் கோடானு கோடி கைகள்! எல்லாம் ஒரே நேரத்தில் விடுவதும் இல்லை. சில விடும்போது சில பிடித்துக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் இழுத்தது அத்தனையும் நழுவிவிடும்.

படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் பேத்தியிடம், "இது உன் பூட்டன்" என்றேன். அவள் விழித்தாள். அப்பா கயிறு இழுப்பதும் இப்படித்தானே? ஒரு கை பற்றி இழுக்கும். அது விடுவதற்கு முன் மறு கை முன்னால் போய்ப் பற்றியிருக்கும். கை மாற்றிக் கை, கை மாற்றிக் கை. எண்பது அடிக் கயிறும் காலடியில் சுருளாக வந்து விழும்.

இதிலே என்னை உலுக்கிப்போட்ட சமாசாரம் ஒன்று உண்டு. இழுப்பதற்குச் சக்தி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். விடுவதற்கும் சக்தி வேண்டுமாம்! ஏ.டி.பி. என்று ஒரு பொருள். அதுதான் தசைக்கு எரிபொருள். அது வந்து தொட்டால்தான் மயோசின் கை பிடியை விடும். தசையில் அதன் கையிருப்பு சில விநாடிகளுக்குத்தான் காணும். சாப்பிட்ட சர்க்கரையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் உடம்பு அதை ஓயாமல் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. தயாரிப்பு நின்றுபோனால் பிடித்த கை பிடித்தபடியே நின்றுவிடும். உயிர் போனபின் உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவது அதனால்தான்.

அப்பா காலமான அன்று, அம்மா அழுதுகொண்டே முதல் காரியமாக அவர் விரல்களை மடக்கி ஜெபமாலையைக் கொடுத்தாள். "சீக்கிரம் குடு, நேரமானால் கை மடங்காது" என்று பக்கத்து வீட்டு ஆச்சி அவசரப்படுத்தினாள். அது எனக்கு அப்போது கொடுமையாகப் பட்டது. சாயங்காலம் நான் அந்தக் கையைத் தொட்டேன். ஜெபமாலையை இறுகப் பிடித்திருந்தது. தோணியின் விளிம்பில் பிடித்த மாதிரியே பிடித்திருந்தது. எரிபொருள் தீர்ந்த கை விட மறுத்தது என்று இப்போது புத்தகம் சொல்கிறது. சொல்லட்டும்.

சிப்பியின் கதை நேர் எதிர். அதற்கு எலும்பு கிடையாது. தசையும் நம்முடையதைப் போன்றதல்ல. இரண்டு ஓட்டையும் இழுத்து மூட ஒரு தடித்த தசை. திறப்பதற்குத் தசையே இல்லை. கீலில் இருக்கும் வில் போன்ற ஒரு பொருள் தானாகவே திறக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் செத்த சிப்பி வாயைப் பிளந்துவிடும்.

இன்னொன்று சொல்லவேண்டும். அந்தக் கல்லும் கயிறும் எதற்கு என்று நான் யோசித்ததே இல்லை. நீந்தத் தெரிந்தவர்கள்தானே, கல் எதற்கு, இழுப்பதற்கு ஆள் எதற்கு? பேத்திதான் விளக்கினாள். வேலை செய்கிற தசை பிராணவாயுவை அள்ளிக் குடிக்கும். நீருக்குள் போகிறவரிடம் இருப்பதோ ஒரே ஒரு மூச்சு. அவர் காலை உதைத்து உதைத்து இறங்கினால் அந்த மூச்சில் பாதி தொடைக்கே போய்விடும். ஆகவே இறக்குகிற வேலையைக் கல்லிடம் விட்டார்கள். ஏற்றுகிற வேலையை மேலே, வேண்டிய மட்டும் மூச்சு விடக்கூடிய இன்னொரு மனிதரின் தசையிடம் கொடுத்துவிட்டார்கள். அடியில் இருப்பவரின் மூச்சு சிப்பி வாருவதற்கு மட்டும். ஒரே கயிற்றில் இருவர் மாறி மாறிக் குளிப்பார்கள். ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவரின் உடம்பு விட்ட மூச்சைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். ஏ.டி.பி.யும் தெரியாது, பிராணவாயுக் கணக்கும் தெரியாது. எந்தத் தசை எப்போது உழைக்கலாம், எது உழைக்கக்கூடாது என்று எவ்வளவு துல்லியமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

மேலே வந்தவர்கள் வெயிலிலும் நடுங்குவார்கள் என்று அப்பா சொல்வார். அந்த நடுக்கமும் தசையின் வேலைதான். தசை எரிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வேலையாக மாறுவதில்லை, மீதியெல்லாம் சூடு. குளிர்ந்துபோன உடம்பு, சூட்டுக்காகவே தசைகளைச் சும்மா ஆட்டுகிறது.

சமையலறைக்கு வருவோம். எங்கள் ஊரில் சூரை மீன் வாங்கினால் நடுவில் ஓடும் கறுஞ்சிவப்புச் சதையைப் பலர் ஒதுக்கிவிடுவார்கள். விளைமீனும் கிழங்கானும் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஏன் இந்த வித்தியாசம்? சூரை ஓயாமல் நீந்துகிற மீன். ஓயாமல் உழைக்கும் தசையில் பிராணவாயுவைச் சேமித்து வைக்கும் சிவப்புப் பொருள் ஏராளமாக இருக்கும். வெள்ளைத் தசை சட்டென்று பாய்வதற்கு, சீக்கிரம் களைத்துவிடும். கோழியிலும் காலும் நெஞ்சும் நிறத்தில் வேறுபடுவது இதனால்தான். நடக்கிற காலுக்கு ஓய்வில்லை. நெஞ்சுத் தசை எப்போதாவது பறப்பதற்கு. நம் தசைகளில் இரண்டும் கலந்திருக்கின்றன. வயதாக ஆக முதலில் மெலிவது அந்தச் சட்டென்று பாய்கிற இழைகளே. தடுக்கி விழப்போகும்போது காலைச் சட்டென்று முன்னால் வைத்துத் தாங்கிக்கொள்கிறோமே, அதைச் செய்வதும் அவைதான். கிழவர்கள் ஏன் விழுகிறார்கள் என்று இப்போது தெரிகிறதா?

என் தொடைக்கு என்ன ஆயிற்று என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை தரையில் உட்கார்ந்து எழுந்திருப்பேன்! ஆட்டுக்கல், அம்மி, அரிவாள்மணை, துணி துவைக்கும் கல், கோலம், பந்தி, பாய். எல்லாம் தரை. மூன்று பிள்ளைகளில் ஒன்று எப்போதும் இடுப்பில். அந்தக் காலத்தைப் புகழவில்லை; முதுகு ஒடிந்த காலம் அது. கிரைண்டர் வந்த அன்று நான் அதற்குச் சந்தனம் குங்குமம் வைக்காத குறை. ஆனால் அது மாவை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. மேஜை வந்தது, கட்டில் வந்தது, கேஸ் அடுப்பு வந்தது. மருமகளும் தங்கமானவள். "அத்தை, நீங்க உட்காருங்க" என்று எல்லாவற்றையும் வாங்கிச் செய்துவிடுவாள். நான் உட்கார்ந்தேன். பத்து வருஷம் உட்கார்ந்தேன்.

உபயோகிக்காத தசையை உடம்பு வைத்துக்கொள்வதில்லை. பராமரிக்கச் செலவு அதிகம் என்று கரைத்துவிடுகிறது. நல்ல ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் கிடத்திப் பார்த்தார்களாம், 2007-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை போய்விட்டது. பத்து நாளில் ஒரு கிலோ! காய்ச்சல் விட்டபின் பாட்டி நடக்கமாட்டாமல் போனதற்கு நாம் காய்ச்சலைத் திட்டினோமே! இதில் சர்க்கரை வியாதிக்கும் பங்கு உண்டு. சாப்பிட்ட சர்க்கரையைப் பெரும்பகுதி வாங்கிக்கொள்வது தசைதான். வாங்குகிற கடை சிறுத்துவிட்டால் சரக்கு இரத்தத்தில் தேங்காமல் என்ன செய்யும்?

"போனது போனதுதானே?" என்று கேட்டேன். பேத்தி அதற்கும் ஒரு கதை வைத்திருந்தாள். பாஸ்டன் நகரத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் மரியா ஃபியாட்டரோன் என்ற டாக்டர் அம்மாள், தொண்ணூறு வயதை ஒட்டிய 10 பேருக்கு எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். முடிவை 1990-ல் வெளியிட்டார். அவர்கள் கால் வலு சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. தொண்ணூறில்! எனக்கு எழுபதுதானே தாண்டியிருக்கிறது?

பயிற்சி என்றதும் இரும்புக் குண்டெல்லாம் வாங்கவேண்டும் என்று பயந்தேன். ஒரு நாற்காலி போதும் என்றாள். நாற்காலியில் உட்காரவேண்டும், கையை ஊன்றாமல் எழவேண்டும். பத்துத் தடவை. முதல் நாள் இரண்டு தடவை எழுந்தேன். மூன்றாவது தடவை பாதியில் நாற்காலியே என்னை வாங்கிக்கொண்டது. ஆனால் இரண்டே வாரத்தில் ஆறு வந்துவிட்டது! இவ்வளவு சீக்கிரம் சதை வளர்ந்துவிட்டதா? இல்லையாம். முதல் சில வாரங்களில் தசை அவ்வளவாக வளர்வதில்லை; தூங்கிக்கொண்டிருந்த ஆட்களை நரம்பு எழுப்புகிறது.

மூளையிலிருந்து வரும் கட்டளையைத் தசைக்குச் சொல்வது நரம்பு. கண்ணை அசைக்கும் தசையில் ஒரு நரம்பணுவின் கீழ் பத்து இழைகள் அளவில்தான். அதனால்தான் அவ்வளவு நுட்பம். கெண்டைக்காலில் ஒரு நரம்பணுவுக்கு ஆயிரத்துக்கு மேல். ஊசியில் நூல் கோக்கும்போது விரலில் சில கூட்டங்கள் மட்டும் வேலைக்கு வருகின்றன. குடத்தைத் தூக்கும்போது கூட்டம் கூட்டமாக அழைப்பு போகிறது. பத்து வருஷமாக யாரும் கூப்பிடாத கூட்டங்கள் என் தொடையில் எத்தனையோ!

"எழுந்திருக்கிறது பெரிசில்லை ஆச்சி, மெதுவா உட்காரணும்" என்பாள் பேத்தி. இதுவும் எனக்குப் புதிது. உட்காரும்போது தொடைத் தசை ஓய்ந்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். அப்படியல்ல. இழுத்துப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு கொடுக்கிறது. கல்லைக் கட்டிய கயிற்றைக் கைக்குள் அளந்து விட்டு இறக்குவதுபோல. தசை வளர இது மிகவும் நல்லதாம். மறுநாள் வலியும் இதில்தான் அதிகம். கழுகுமலைப் பாறையில் ஏறி இறங்கியவர்களைக் கேளுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். மறுநாள் தொடையைத் தொடவிடாமல் செய்வது இறங்கியதுதான்.

கூடவே சாப்பாடு. பருப்பு, சுண்டல், முட்டை, மீன். "வயசான காலத்தில் எதற்கு?" என்று நாம் நம் தட்டில் மட்டும் குறைத்துக்கொள்வோமே, அந்தப் பழக்கத்தை விடச் சொன்னாள். வயதானவர்களுக்குக் கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்கிறார்கள். மீனின் நடுத் துண்டை இப்போது நானும் எடுத்துக்கொள்கிறேன். என் மகன் ஒரு மாதிரி பார்த்தான். பார்க்கட்டும்.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. சில நாள் சோம்பினேன், சில நாள் மழை, சில நாள் விருந்தாளி. ஆனாலும் பத்து தடவை இருபதாயிற்று. ஆட்டுக்கல்லை மறுபடி உருட்டவில்லை. அவ்வளவு பைத்தியம் பிடிக்கவில்லை. கீரை ஆய்வதை மட்டும் தரைக்கு மாற்றிக்கொண்டேன்.

இந்த ஆகஸ்டு 5-ந் தேதியும் வந்தது. அதே கோவில், அதே கூட்டம், அதே இடம். முழந்தாளிட்டோம். மணி அடித்தது. வலது காலைத் தூக்கி முன்னால் ஊன்றினேன். தொடையில் ஒவ்வொரு கூட்டமாக விழித்துக்கொள்வது எனக்கே தெரிந்தது. பாதி எழும்புவதற்குள் பக்கத்திலிருந்து மருமகளின் கை நீண்டு வந்துவிட்டது.

"பொறும்மா, நான் இன்னும் கயிற்றை அசைக்கவில்லையே" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். அதற்குள் நான் எழுந்து நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.